உட்காராத வீடு

என் மாமியார் ஹபீபா தன் வீட்டை மகள் ருமைஸாவிடம் ஒப்படைத்த அன்று, கூடவே ஒரு சண்டையையும் ஒப்படைத்தார். சாவிக்கொத்தைக் கொடுத்தார். பம்பு அறையைக் காட்டினார். மழைக்காலத்தில் எந்த ஜன்னல் இறுகிக்கொள்ளும், எந்தக் குழாயை மூடிய பிறகும் சொட்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டு ஜுலைஹாவுடன் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். எதிரில் பார்த்தால் சலாம் சொல்லலாம், அது கடமை. அதற்கு மேல் ஒரு சொல் போகக் கூடாது.

ருமைஸா என் மனைவி. வீட்டுக்காரியான அன்று அவளுக்கு இருபத்து நான்கு வயது. மாமியார் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஜன்னலுக்கு ஆட்டிய அதே தலையாட்டல்தான் ஜுலைஹாவுக்கும்.

நான் ஜவாஹிர், கடையநல்லூர்க்காரன். எங்கள் ஊரில் தலையை உயர்த்தினால் மலை தெரியும். கடல் பார்க்க வேண்டுமென்றால் பயணம் போக வேண்டும். ருமைஸாவின் ஊரான சிப்பிப்பட்டினத்தில் வீட்டை மகளுக்குத்தான் எழுதிவைப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். சீர்வரிசைச் சாமான்களில் நானும் ஒன்று என்று என் நண்பர்கள் கேலி செய்தார்கள். வந்து பார்த்தபோது அவர்கள் சொன்னது பெரிய பொய்யில்லை என்று தெரிந்தது. வீட்டு விவகாரம் எதிலும் என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. கனமான பொருள் எதையாவது நகர்த்த வேண்டியிருந்தால் மட்டும் கூப்பிட்டார்கள்.

அந்த ஊர் வீடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில், தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால், ஆட்களைக் கூப்பிட்டு அடியில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவார்களாம். கடல் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு, வைத்த ஜாக்கியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது கரையோரத்து வீடு ஒவ்வொன்றுக்கும் எஃகுக் கால்கள் உண்டு. வீட்டுக்குள் ஒரு பம்பு. கடல் பெருகிவரும் பெரிய ஓத நாளில் பம்பைப் போட்டால் எண்ணெயின் அழுத்தம் கால்களுக்குள் ஏறி, வீடு மெல்ல ஆள் உயரத்துக்கு எழும்பும். கடல் அடியில் புகுந்து போய்வரும். தண்ணீர் வடிந்ததும் வீட்டை இறக்கிவிட்டு, சேற்றைக் கழுவிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

எழும்பாத வீட்டுக்கு ஊரில் 'உட்கார்ந்த வீடு' என்று பெயர். கடலோர வாரியத்தின் படகு ஓத நேரத்தில் தெருத்தெருவாக வரும். உட்கார்ந்திருக்கும் வீட்டின் மேல் சிவப்புப் பட்டை அடித்துவிட்டுப் போய்விடும். மறுநாளே குடும்பம் மேட்டுக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும், வீட்டை இடித்துவிடுவார்கள். பழைய வீடுகளுக்குப் புதுப் பம்பு வைக்கவும் அனுமதி கிடையாது. எழும்பும்வரை இருந்துகொள், எழும்பாத அன்று கிளம்பு என்பதுதான் வாரியத்தின் கணக்கு. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான் போயின. மிஞ்சியவற்றில் எங்களுடையது ஒன்று, ஜுலைஹா மாமியுடையது ஒன்று.

மாமியாரின் முழங்கால் படிகளுக்கு ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, மேட்டுக் குடியிருப்பில் தங்கையோடு தங்கிக்கொள்ளப் போனார். வண்டி கிளம்பும்போது ருமைஸா அழுதாள், மாமியார் அழவில்லை. தன் உம்மா தனக்குக் கொடுத்ததைத் தான் மகளுக்குக் கொடுத்துவிட்டதாகவும், இனி அதை உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சண்டையின் கதையை ருமைஸா சிரிக்காமல் சொன்னாள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாமியார் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் செய்து கொண்டுபோயிருந்தார். ஜுலைஹா மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, முட்டை வாடை அடிக்கிறது என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதுவரை இரண்டு பெண்களும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சிறுபிள்ளைகளாக இருந்தபோதே ஜோடி போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. பிறகு மாமனார் இறந்தார். அந்தத் துக்கத்துக்கு ஜுலைஹா மாமி வந்து கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டுப் போனாராம், அப்போதும் பேசவில்லையாம்.

வீடு கைக்கு வந்ததும் ருமைஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தானே சுண்ணாம்பு அடித்தாள். கதவுகளுக்கு எண்ணெய் போட்டாள். பம்பைத் துடைத்துத் துடைத்து, அதில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு ஆக்கினாள். அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் குழாயைக் கண்டுபிடித்தாள். பம்பின் பின்பக்கத்திலிருந்து கை பருமனுக்கு ஒரு ரப்பர்க் குழாய் கிளம்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு போயிற்று. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வால்வு. நான் வெளியே போய் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் எட்டிப் பார்த்தேன். குழாய் நேராக ஜுலைஹா மாமியின் வீட்டுக்குள் போனது.

அவள் உடனே உம்மாவுக்குப் போன் போட்டாள். மாமியார் சாவகாசமாகப் பதில் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது. ஜுலைஹாவின் பம்பு சோப்ளாங்கியாம். மாமனார் இறந்த வருடம் ஒரு ஃபிட்டரைத் தூது அனுப்பி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து உதவ முடியுமா என்று கேட்டாளாம். பேசாதவள்தான், இருந்தாலும் வீடு உட்கார்ந்துவிட்டால் எங்கே போவாள் என்று மாமியார் சம்மதித்தாராம்.

"வால்வு எப்பவும் திறந்தேதான் இருக்கும், மூடிராதே. அவ எடுத்துக்கட்டும்," என்றார். "அதுக்காகப் பேச்சு வச்சுக்காதே."

போனை வைத்த பிறகு ருமைஸா பம்பு அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்வது குற்றம். வடக்கே எங்கோ ஒரு தெருவில் நாலு வீட்டை ஒரே பம்பில் இணைத்திருந்தார்களாம். பம்பு நின்றதும் நாலும் சேர்ந்து சாய்ந்து ஆட்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வாரியம் சட்டம் போட்டுவிட்டது. கொடுத்த வீடு, வாங்கிய வீடு இரண்டையுமே உட்கார்ந்த வீடாக எழுதிவிடுவார்கள். உம்மா இத்தனை வருடம் தன் வீட்டைப் பணயம் வைத்து, பேசாத ஒருத்திக்கு உதவியிருக்கிறார். அதை நினைத்து அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"உம்மாக்குத் துணிச்சல் இருந்துச்சு. எனக்கு இல்லீங்க," என்றாள். "கைக்கு வந்த முதல் ஓதத்துலயே வீட்டைத் தொலைச்சேன்னு பேர் வாங்க என்னால முடியாது."

குழாயை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் சொல்லாமல் மூடுவதற்கு மனம் வரவில்லை. அடுத்த பெரிய பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் ஜுலைஹா மாமி வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று, உம்மாவின் தடையை மீறி அவர் வீட்டுக்குப் போனாள். சாட்சிக்கு நானும் போனேன்.

ஜுலைஹா மாமி ஒல்லியாக, உயரமாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்துபோய்விட, தனியாக இருக்கிறவர். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. உட்காரச் சொல்லி, இஞ்சிச் சாயா கொடுத்தார். ருமைஸா சாயாவைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் அழுத்தம் தர முடியாது, சட்டம் இப்படி இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். வேண்டுமானால் மேட்டில் இடம் கேட்டு எழுதித்தருகிறோம் என்றேன் நான், என் பங்குக்கு.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும் திறந்து வையேம்மா. பெரிய ஓதம்னு சொல்றாங்க. அப்புறம் யோசிப்போம்."

ருமைஸா முடியாது என்றாள். அவர் திரும்பவும் கேட்டார். கிட்டத்தட்ட கெஞ்சினார். அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை பின்னாலேயே வந்தவர், உன் உம்மா இப்படிச் சொல்ல மாட்டாள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ருமைஸா சொல்ல, வால்வை நான் மூடினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பௌர்ணமியன்று மாலை அசர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் வாரியத்தின் முதல் சங்கு ஊதியது. இரண்டாவது சங்குக்குள் வீடு எழும்பியாக வேண்டும். பாத்திரங்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்திருந்தோம். அலமாரிகளைக் கயிற்றால் கட்டியிருந்தோம். மாமியார் இங்கே இருந்தவரை பம்பு அறைக்குள் வேறு யாரையும் விட்டதில்லை. அதனால் இதைத் தன் கையால் செய்வது ருமைஸாவுக்கு இதுவே முதல் தடவை. பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டாள்.

பம்பு நன்றாகத்தான் உறுமியது. அழுத்தம் காட்டும் முள் கடகடவென்று பாதிவரை ஏறியது. வீடு ஒரு முறை நடுங்கியது. கட்டி வைத்த அலமாரி ஒன்று முனகியது. அத்தோடு முள் நின்றுவிட்டது. ருமைஸா அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் பாதி. தொட்டியில் எண்ணெய் நிறைய இருந்தது, கசிவு எங்குமே இல்லை. நான் தெரிந்த மாதிரி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தேன். தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் வாசற்படியை நனைத்தது. பிறகு கூடத்துக்குள் ஒரு நாக்கு நீண்டு வந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டது. தெருக்கோடியில் வாரியப் படகின் மோட்டார்ச் சத்தம் கேட்டது.

ருமைஸா அழவில்லை. பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை தலைமுறையாகப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த வீடு, தன் கையில் வந்து இரண்டு மாதம்கூட நிற்கவில்லையே என்றாள். இந்த வீட்டில் நான் ஒரு சாமான் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் அது என் வீடும்தான் என்று உணர்ந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஜுலைஹா மாமி ஏதோ ஒரு பாத்திரத்தால் கம்பியில் தட்டிக்கொண்டு கத்தினார்.

"ருமைஸா! என் வீடு எழும்பலை. குழாயைத் திற! அல்லாஹ்வுக்காகத் திறம்மா!"

ருமைஸா என்னைப் பார்த்தாள்.

"திறங்க," என்றாள்.

நமக்கே பற்றவில்லையே என்றேன். இருக்கிற பாதியையும் கொடுத்துவிட்டால் அப்புறம் எதுவுமே மிஞ்சாது.

"நம்ம வீடு எப்படியும் போயிருச்சு. இந்தப் பாதி அவங்களுக்குப் பத்தும்னா அவங்களாவது இங்க இருக்கட்டும். உம்மா குடுத்துக்கிட்டிருந்ததை நான்தானே நிறுத்தினேன். திறங்க."

படகுச் சத்தம் இன்னும் நெருங்கியிருந்தது. நான் கணுக்காலளவு தண்ணீரில் குனிந்து வால்வைத் திருப்பினேன். துருப்பிடித்ததுபோல இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகினேன்.

குழாய் ஒரு முறை துள்ளியது. முள் விழும் என்று எதிர்பார்த்தோம். விழவில்லை. பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. காலடியில் வீடு அசைந்தது. கூடத்திலிருந்த தண்ணீர் வாசல் வழியாக வழிந்து இறங்க ஆரம்பித்தது. வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ருமைஸா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். இரண்டாவது சங்கு ஊதி அடங்குவதற்குள் நாங்கள் முழு உயரத்துக்கு வந்துவிட்டோம். படகிலிருந்த இளைஞன் எங்கள் வீட்டை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த கருவியில் எதையோ தட்டிவிட்டுப் போய்விட்டான்.

முதலில் எனக்குத்தான் உறைத்தது. மாமி கூப்பிட்டபோது குரல் எங்கள் தலைக்கு மேலிருந்து வந்தது. சாதாரண நாளில் அந்த ஜன்னலும் எங்கள் ஜன்னலும் நேருக்கு நேராக இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். இப்போது மறுபடியும் நேருக்கு நேராக இருந்தது. ஜுலைஹா மாமி அந்தப் பக்கம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு எழும்புவதற்கு முன்பே அவர் வீடு எழும்பி நின்றிருக்கிறது. எழும்பவில்லை என்று கத்தியது பொய்.

குழாய் வழியாக அழுத்தம் அங்கே போகவில்லை. அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ருமைஸாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு யாரும் எதிர்பாராததைச் செய்தாள். சுண்ணாம்பு அடிக்க வாங்கிய ஏணியை எடுத்து இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவில் பாலம்போலப் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன்மேல் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். கீழே கடல் ஓடிக்கொண்டிருந்தது. நானும் போனேன், கண்ணை மூடிக்கொண்டு.

மாமியின் பம்பு எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. மூத்த மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், புதுப் பம்புக்குத் தடை வருவதற்கு முன்பே, வீட்டின் எடையே தெரியாமல் ஏதோ துறைமுகத்துச் சாமானை வாங்கி அனுப்பிவிட்டானாம். இதை வைத்துப் பள்ளிவாசலையே தூக்கலாம் என்று அவரே சிரித்தார். ருமைஸாவின் வாப்பா இறந்த வருடம் எங்கள் வீடு மற்ற வீடுகளைவிட மெதுவாக எழும்புவதைத் தம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். பம்பு தளர்ந்துவிட்டது என்று புரிந்திருக்கிறது. உதவட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டதற்கு, அவள் தயவில் எழும்புவதைவிட உட்கார்ந்துவிடுவதே மேல் என்று மாமியார் சொல்லி அனுப்பிவிட்டார். மறு வாரம் அதே ஃபிட்டரை மறுபடியும் அனுப்பி, என் பம்புதான் சரியில்லை, உன் வீட்டிலிருந்து கொஞ்சம் தா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார் இவர். உடனே சம்மதம் கிடைத்துவிட்டது.

"வாங்கத்தான் மாட்டா. கேட்டா இல்லைன்னு சொல்லவே மாட்டா," என்றார் மாமி. "சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கு நாங்கள் வந்தபோதே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். சொல்ல வாயெடுத்ததாகவும், சொன்னால் அந்த நிமிஷமே ருமைஸா உம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள் என்று பயந்ததாகவும் சொன்னார். ஓதம் வருவதற்குள் எப்படியாவது கெஞ்சியே திறக்க வைத்துவிடலாம் என்று நினைத்தாராம்.

"வாரியத்துக்குத் தெரிஞ்சிருந்தா உங்க வீடும் சேர்ந்து போயிருக்குமே மாமி," என்றாள் ருமைஸா. அவள் குரல் உடைந்திருந்தது. "எதுக்காக இவ்வளவு?"

ஜுலைஹா மாமி அடுப்பை மூட்டி, சாயாவுக்குத் தண்ணீர் வைத்தார்.

"அப்பவே உன் உம்மா மேட்டுக்குப் போயிருந்தா நான் இங்க யார்கூடப் பேசாம இருந்திருப்பேன்? தெருவுல எல்லாரும் போயாச்சு. அவ ஜன்னலைச் சாத்துற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். என்மேல இருக்கிற கோவத்துல படார்னு சாத்துவா. கேட்டதும், சரி, ஹபீபா நல்லா இருக்கான்னு நெனச்சுக்குவேன்."

ருமைஸா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் எதற்கும் எளிதில் நன்றி சொல்கிறவள் அல்ல. அன்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னேன். மலையடிவாரத்திலிருந்து வந்தவனுக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறதென்றால் அது இந்த அம்மா போட்ட பிச்சை என்று நினைத்தேன். அதை அப்படியே சொல்லவும் செய்தேன். அவர் கூச்சப்பட்டு, மாப்பிள்ளை பெரிய வார்த்தையெல்லாம் பேசக் கூடாது, சாயாவைக் குடியுங்கள் என்றார்.

குடித்துக்கொண்டிருந்தபோது மாமியார் கூப்பிட்டார். ருமைஸாவின் கை ஈரமாக இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

வீடு எழும்பிவிட்டதா என்று மாமியார் கேட்டார். எழும்பிவிட்டது என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்றவர், குரலைத் தாழ்த்தி, அவள் வீடு எப்படி என்று கேட்டார். அதுவும் எழும்பிவிட்டது என்றாள் ருமைஸா.

"நல்லவேளை திறந்து விட்டே. ரெண்டு வாரமா எனக்கு அதே நெனப்பு. நீ சின்னப்பிள்ளை, பயந்துபோய் மூடிருவியோன்னு." மாமியாரின் குரல் இளகியிருந்தது. "அவ தனியா கெடக்குறா. நம்மால அவ வீடு நிக்கிதுன்னா நின்னுட்டுப் போகட்டும். நான் மனசுல எதையும் வச்சுக்கலைன்னு எப்பவாவது அவ காதுல போடு. நான் சொன்னதாச் சொல்லாதே."

ருமைஸா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஜுலைஹா மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, போனை நோக்கிக் குனிந்தார்.

"ஹபீபா, நான்தான். நீ மட்டும் இல்லேன்னா என் வீடு என்னைக்கோ உட்கார்ந்திருக்கும். ரொம்ப நன்றிடி."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜுலைஹா சாப்பிட்டாளா என்று ருமைஸாவிடம் கேட்டார்.